சமுதாயக் கல்லூரியும் நர்ஸ் படிப்பும் – ஒரு நீண்ட பதிவு



+2 தேர்வு முடிவு வந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான். "டீச்சர், பொண்ணு நர்சிங் படிக்கணும்ங்குது. எங்க சேக்கலாம்?" கேட்பவர்கள் பெரும்பாலும் என்னிடம் நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். இன்று அவர்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். சென்ற வாரம் ஒரு மாணவன் வேறு விதமாகக் கேட்டான். அவனுடைய சித்தி மகள் அமெரிக்காவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் படித்து நர்ஸ் ஆகிவிட்டாளாம். "இங்கேயும் சமுதாயக் கல்லூரி இருக்கே டீச்சர், அதுல ஒரு வருஷம் படிச்சா போதும்ங்கிறாங்க. அங்க செல்லுது, இங்க செல்லாதா?"

நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொன்னால், செல்லாது. ஆனால் ஏன் செல்லாது என்பது 160 ஆண்டு வரலாறு. அதைத் தெரிந்துகொண்டால் பணம் கட்டும் முன் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. நர்ஸ் வேலையைப் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற எண்ணமே அவ்வளவு பழையதல்ல. 1860ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நம் பக்கம் அதற்கும் முன்பே, 1854ல், சென்னையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு அனுமதி கொடுத்தது. 1871ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நர்ஸ்களுக்குப் பயிற்சி அளிக்கும் திட்டம் வந்தது. ஆக, இந்த விஷயத்தில் தமிழ் மண் பின்தங்கியது இல்லை.

ஆனால் அந்தக் காலத்துப் பள்ளிகள் எல்லாமே மருத்துவமனைக்குள் இருந்தவை. மாணவி அங்கேயே தங்குவாள், அங்கேயே சாப்பிடுவாள். பகலிலும் இரவிலும் வார்டில் வேலை செய்வாள். அசந்த நேரத்தில் பாடம். படிப்புக்கு அவள் கொடுத்த கட்டணம் அவளுடைய உழைப்பு. மருத்துவமனைக்கு இது வசதி, சம்பளம் இல்லாமல் ஆள் கிடைக்கிறது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் இப்படித்தான் நடந்தன. 1923ல் வந்த கோல்ட்மார்க் அறிக்கை இதைக் குறை சொன்னது. படிக்க வந்தவளை வேலைக்காரியாக நடத்தினால் படிப்பு எங்கே நடக்கும் என்பதுதான் அதன் சாரம். 1948ல் எஸ்தர் லூசில் பிரவுன் எழுதிய அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், நர்ஸ் கல்வியை மருத்துவமனையிலிருந்து எடுத்துக் கல்லூரிக்குள் கொண்டுவர வேண்டும் என்றது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்குப் பெண் துணை கேட்டு வந்து, ஆண் மருத்துவரை ஏற்க மறுத்து, மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி உங்களில் பலருக்குத் தெரியும். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பினார். 1900ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1902ல் மருத்துவமனை கட்டினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியது 1918ல். நர்ஸ் பள்ளியோ அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1909லேயே வந்துவிட்டது. இந்த வரிசையைக் கவனியுங்கள். தனி ஒரு டாக்டர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் இரவு முழுக்க நோயாளி பக்கத்தில் உட்கார முடியாது. உட்காரப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அதை அவர் முதலில் புரிந்துகொண்டார்.

அந்தக் காலத்தில் நம் குடும்பங்கள் பெண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்பத் தயங்கின. முன்பின் தெரியாத ஆணைத் தொட வேண்டும், மலமூத்திரம் எடுக்க வேண்டும், இரவில் வெளியே தங்க வேண்டும். சாதியும் தீட்டும் குறுக்கே நின்றன. அதனால் முதலில் இந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். இன்று நாம் மரியாதையோடு "சிஸ்டர்" என்று கூப்பிடுகிறோமே, அந்தச் சொல்லுக்குள்ளேயே அந்தப் பழைய காலம் இருக்கிறது.

பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று பிரித்துக் காட்ட ஒரு பதிவேடு தேவைப்பட்டது. 1926ல் சென்னை மாகாணத்தில் நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. அன்றைக்கு நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில். வாஞ்சூரைத் தாண்டினால் பிரிட்டிஷ் இந்தியா, அங்கே சென்னைச் சட்டம். இந்தப் பக்கம் வேறு சட்டம், வேறு மொழி. 1954 நவம்பர் 1ல் காரைக்கால் இந்தியாவோடு இணைந்த பிறகும், 1962 ஆகஸ்ட் 16ல்தான் அது சட்டப்படி முழுமையானது.

சுதந்திரத்துக்குச் சற்று முன், 1946ல், போர் குழு அறிக்கை வெளிவந்தது. ஜோசப் போர் என்ற அதிகாரியின் தலைமையில் அமைந்த குழு என்பதால் அந்தப் பெயர். சண்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நாட்டில் சுமார் 7,000 நர்ஸ்கள்தான் இருக்கிறார்கள், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்ற கணக்கு அதில் இருந்தது. 43,000 பேர் என்றால் நம் கடற்கரைக் குப்பங்கள் எத்தனையைச் சேர்க்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே 1946ல் டெல்லியிலும் வேலூரிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. நர்ஸ் வேலைக்கு பி.எஸ்சி. பட்டம் என்பதே அன்று பலருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். 1947ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. எந்தப் படிப்பு செல்லும், எங்கே படித்தால் செல்லும் என்று நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைப்பது அதன் நோக்கம்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே 1901லேயே இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் இரண்டாண்டு ஜூனியர் கல்லூரி ஒன்று தொடங்கியது. பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போக வசதி இல்லாதவர்கள் வீட்டிலிருந்து போய்வந்து படிக்கும் கல்லூரி. 1947ல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு இப்படிப்பட்ட கல்லூரிகளை ஊருக்கு ஊர் தொடங்கச் சொன்னது. "கம்யூனிட்டி காலேஜ்" என்ற பெயர் பரவியது அப்போதுதான். இரண்டாம் உலகப்போர் முடிந்த நேரம். நர்ஸ் பற்றாக்குறை கடுமையாக இருந்தது.

அந்த நேரத்தில் மில்ட்ரெட் மோன்டாக் என்ற நர்சிங் ஆசிரியை கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். 1951ல் அது புத்தகமாக வந்தது. அவர் சொன்னது எளிமையானது. நர்ஸ் வேலை முழுவதும் ஒரே தரத்து வேலை அல்ல. ஒரு பகுதிக்கு ஆழ்ந்த படிப்பு வேண்டும், ஒரு பகுதிக்குத் தேர்ந்த கை வேண்டும். இரண்டாவது வகையினரை, வார்டில் மூன்றாண்டு உழைக்க வைக்காமல், சமுதாயக் கல்லூரியில் இரண்டே ஆண்டில் தயார் செய்ய முடியும். மாணவி மாணவியாகவே இருக்கட்டும். மருத்துவமனைக்குப் பயிற்சிக்காக மட்டும் போகட்டும்.

1952ல் ஏழு கல்லூரிகளும் ஒரு மருத்துவமனைப் பள்ளியும் சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தன. அது வெற்றி பெற்றது. மோன்டாக் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. இரண்டாண்டு படித்தவர்களும் மற்ற நர்ஸ்கள் எழுதும் அதே உரிமத் தேர்வை எழுதித் தேறினார்கள். உரிமம் ஒன்றே என்றபோது வேலையும் ஒன்றாகிவிட்டது. அவர் இரண்டாம் நிலைப் பணியாளராக நினைத்தவர்கள் முழு நர்ஸ்களாக வார்டுக்குள் போனார்கள்.

யார் போனார்கள் என்பது முக்கியம். பழைய மருத்துவமனைப் பள்ளிகள் பெரும்பாலும் கல்யாணம் ஆகாத இளம்பெண்ணைத்தான் சேர்த்தன, விடுதியில்தான் தங்க வேண்டும். சமுதாயக் கல்லூரிக்கு இரண்டு பிள்ளை பெற்றவளும் வரலாம், பகலில் கடையில் வேலை பார்ப்பவளும் வரலாம், ஆண்களும் வரலாம். வெளியூரிலிருந்து குடியேறி வந்த நம் தமிழ்ப் பெண்களில் சிலரும் இந்த வழியில்தான் நர்ஸ் ஆகியிருக்கிறார்கள். மாணவனின் சித்தி மகள் போன கதவு இதுதான்.

அத்தோடு அங்கே வாதம் முடியவில்லை. 1965லேயே அமெரிக்க நர்ஸ்கள் சங்கம், இந்தத் தொழிலுக்குப் பட்டமே அடிப்படைத் தகுதியாக வேண்டும் என்று சொன்னது. 2010ல் வந்த ஒரு தேசிய அறிக்கை, 2020க்குள் நர்ஸ்களில் 80 சதவீதத்தினர் பட்டதாரிகளாக வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2017ல் நியூயார்க் மாநிலம், புதிதாக வரும் நர்ஸ்கள் பத்தாண்டுக்குள் பட்டம் பெற வேண்டும் என்று சட்டம் போட்டது. ஃப்ளோரிடா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் சமுதாயக் கல்லூரிகளே நான்காண்டு நர்சிங் பட்டமும் கொடுக்கின்றன. முதலில் உள்ளே வா, வேலை செய், பிறகு ஏறிக்கொள் என்பது அங்குள்ள வழி.

இனி நம் கதை. இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி எங்கே தொடங்கியது தெரியுமா? நம் புதுச்சேரியில்தான். 1995ல் புதுவைப் பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையில் மயிலைப் பேராயம் ஒன்றைத் தொடங்கியது. லயோலா கல்லூரியில் முதல்வராக இருந்த ஏசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் அதைத் தமிழ்நாடெங்கும் ஓர் இயக்கமாகவே பரப்பினார். பள்ளியை இடையில் விட்டவர்கள், வேலை இல்லாத இளைஞர்கள், கணவனை இழந்த பெண்கள் ஆகியோருக்குக் கையில் ஒரு தொழிலைக் கொடுப்பதுதான் நோக்கம். 2013க்குப் பிறகு பல்கலைக்கழக மானியக்குழுவும் இதற்குத் திட்டம் வகுத்துப் பணம் ஒதுக்கியது.

அந்தக் கல்லூரிகளில் பெண் பிள்ளைகள் விரும்பிச் சேர்ந்த படிப்புகளில் ஒன்று "ஹெல்த் அசிஸ்டென்ட்", அதாவது உடல்நல உதவியாளர் படிப்பு. நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கையில் திருப்பிவிடுவது, காய்ச்சல் பார்ப்பது, நாடி பார்ப்பது, முதியவருக்கு ஊட்டிவிடுவது எல்லாம் அதில் உண்டு. நல்ல படிப்பு. நாணயமான வேலை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் மிகவும் தேவையான வேலையும்கூட. ஆனால் அதைப் படித்தவர் நர்ஸ் அல்ல. நர்ஸ் பதிவேட்டில் அவர் பெயர் ஏறாது.

இங்கேதான் மாணவனின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. இரண்டு நாட்டிலும் "சமுதாயக் கல்லூரி" என்ற பெயர் ஒன்றுதான். ஆனால் அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்தின் நர்சிங் வாரியமும் சமுதாயக் கல்லூரியின் நர்சிங் படிப்பைப் பரிசோதித்து அங்கீகரித்தது. பக்கத்து மருத்துவமனைகள் பயிற்சிக்கு வார்டைத் திறந்துவிட்டன. கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. நம் நாட்டில் சமுதாயக் கல்லூரி கல்வித் துறையின் வழியே வளர்ந்தது, நர்ஸ் பதிவு நர்சிங் கவுன்சிலின் வழியே வளர்ந்தது. இந்த இரண்டு ரோடும் எங்கும் சந்திக்கவில்லை. கவுன்சில் விதிப்படி நர்சிங் பள்ளியோ கல்லூரியோ நடத்த 100 படுக்கை கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும், ஆசிரியர் எண்ணிக்கை வேண்டும், ஆய்வு நடக்க வேண்டும். இரண்டு அறை வாடகைக்கு எடுத்து நடக்கும் இடத்துக்கு அது சாத்தியமில்லை.

இந்த விதியைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஊசி போடும் கைக்குப் பின்னால் உண்மையான வார்டு இருக்க வேண்டும். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. 100 படுக்கை ஆஸ்பத்திரி பெரும்பாலும் நகரத்தில்தான் இருக்கும். நான்கு வருடம் விடுதிக் கட்டணம், சாப்பாடு, சீருடை. ஃபைபர் படகில் கூலிக்குப் போகும் தகப்பனும், மீன் கூடை சுமக்கும் தாயும் அதைக் கேட்டு மலைக்கிறார்கள். அப்போது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் "ஒரு வருட நர்சிங், வேலை உறுதி" என்று நோட்டீஸ் தெரிகிறது. அந்த மலைப்புக்கும் அந்த நோட்டீசுக்கும் நடுவில்தான் நம் பெண்கள் ஏமாறுகிறார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கிளிஞ்சல்மேடு உட்பட நம் கரையூர்கள் எத்தனை உயிரைக் கொடுத்தன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் பல பயிற்சி வகுப்புகள் வந்தன. என் மாணவி ஒருத்தி, பெயர் வேண்டாம், அப்படி ஓர் இடத்தில் இரண்டு வருடம் "நர்சிங் டிப்ளமா" படித்தாள். வெள்ளை உடை போட்டாள், பட்டமளிப்பு விழாவும் நடந்தது. ஆறு வருடம் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை அத்தனையும் செய்தாள், உதவியாளர் சம்பளத்துக்கு. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கப் பதிவு எண் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தச் சான்றிதழுக்குப் பதிவு எண்ணே கிடையாது. நல்லவேளை, +2 முடித்திருந்தாள், வயதும் இருந்தது. அங்கீகாரம் உள்ள பள்ளியில் ஜி.என்.எம். முதல் வருடத்திலிருந்து சேர்ந்தாள். இன்று பதிவு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ். ஆனால் போன எட்டு வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அந்த எட்டு வருடத்தில் கற்றதற்கு ஒரு நாள்கூடக் கழிவு கிடைக்கவில்லை.

இதை நான் என் தொழிலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமா படித்தவள், பி.எட். அல்ல. ஆனால் என் டிப்ளமா அரசு அங்கீகரித்தது, அதனால் ஓய்வு பெறும்வரை தலை நிமிர்ந்து பாடம் நடத்தினேன். டிப்ளமா என்பதில் குறைவில்லை. அங்கீகாரம் இல்லாததில்தான் குறை.

பிரான்சில் இருக்கும் நம் உறவுகளுக்கு இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே மருத்துவமனையில் வேலை செய்யும் உதவியாளருக்கு ஒரு பெயர், நர்ஸுக்கு வேறு பெயர். நர்ஸ் படிப்பு மூன்று ஆண்டு, அரசு டிப்ளமா. 2009 முதல் அதற்குப் பட்டத் தகுதியும் உண்டு. உதவியாளராக இருப்பவர் படித்து நர்ஸ் ஆக வழியும் உண்டு. யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதில் குழப்பம் இல்லை. நம் ஊரில் எல்லாப் படிக்கும் "நர்சிங்" என்று ஒரே பெயர் வைத்து விற்கிறார்கள்.

ஆனால் நமக்கும் ஏணி இருக்கிறது. பலருக்கு அது தெரியாததால் சொல்கிறேன்.

ஏ.என்.எம். இரண்டு ஆண்டு. கிராமத்து நர்ஸ் வேலைக்கானது. ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் ஜி.என்.எம். சேரலாம்.

ஜி.என்.எம். மூன்று ஆண்டு டிப்ளமா. +2வில் அறிவியல் படித்தவருக்கு முன்னுரிமை, மற்றப் பிரிவினரும் சேரலாம். இதை முடித்தவர் முழு நர்ஸ்.

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். நம் யூனியன் பிரதேசத்தில் சென்டாக் மூலம் இடம் கிடைக்கும்.

ஜி.என்.எம். முடித்தவர் இன்னும் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால் அவரும் பட்டதாரி. அதற்கு மேல் எம்.எஸ்சி. உண்டு.

அமெரிக்கா சமுதாயக் கல்லூரி வழியாகக் கட்டிய ஏணியை நாம் ஜி.என்.எம். வழியாகக் கட்டியிருக்கிறோம். சம்பாதித்துக்கொண்டே மேலே ஏறலாம். பட்டத்துக்கு இப்போது பணம் இல்லையே என்று போலிச் சான்றிதழுக்குப் போக வேண்டியதில்லை.

பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்பை முடித்தால் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா? எந்த மருத்துவமனை வார்டில் பயிற்சி, அங்கே எத்தனை படுக்கை? இந்த ஆண்டுக்கான அங்கீகாரக் கடிதத்தைக் காட்டுவீர்களா? நேராகப் பதில் சொல்லாமல் "வேலைக்கு நாங்கள் உத்தரவாதம்" என்று பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். 2023ல் நாடாளுமன்றம் தேசிய நர்சிங், மகப்பேறு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. விதிகள் மாறும் காலம் இது. அதனால் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பழைய விதியை நம்பாமல், சேரும் ஆண்டின் விதியைக் கேளுங்கள்.

உடல்நல உதவியாளர் படிப்புதான் முடியும் என்றால் அதையும் மகிழ்ச்சியாகப் படியுங்கள். அது உதவியாளர் படிப்பு என்று தெரிந்து படியுங்கள், அவ்வளவுதான்.

ஆட்சியாளர்களிடம் என் ஆசை ஒன்று. நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கிய பெருமை நம் பிரதேசத்துடையது. உதவியாளராகப் பல ஆண்டு உழைத்த பெண்ணுக்கு, அந்த உழைப்பில் கொஞ்சமாவது கணக்கில் எடுத்து, முறையான நர்சிங் பள்ளியில் சில இடங்களை ஒதுக்கலாம். இரண்டு ரோட்டையும் இணைக்க ஒரு பாலம் போதும். அதையும் முதலில் நாமே போட்டால் என்ன?

வீட்டில் +2 முடித்த பிள்ளை இருப்பவர்கள் இந்தப் பதிவை அவர்களோடு சேர்ந்து படியுங்கள். கையில் ஏதாவது விண்ணப்பம் வைத்திருந்தால், பணம் கட்டும் முன் எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கிளிஞ்சல்மேடு